காலிக் கட்டம்

மார்ச் 2
சுவரில் கை ஊன்றி 8 தண்டால், 3 செட். சொல் மனப்பாட அட்டையில் புதுச் சொல் 10. இதற்கு மேல் இன்று கிடையாது. நோட்டில் ஒரு பக்கத்துக்கு 14 கட்டம், நாளுக்கு ஒன்று; செய்தால் கோடு, விட்டால் காலி. தெம்பு மிச்சம் இருக்கிறது, இருக்கட்டும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் 2 எடுக்க முடியும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். கை நடுங்கும்வரை போனால் முதல் வாரத்தோடு கதை முடிந்துவிடும்.

மார்ச் 3
பதில் வரவில்லை.

மார்ச் 5
"தினமும் காலையில்" என்று எழுதி வைப்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அலாரமும் உதவாது. அது அடிக்கிறது, விரல் அணைக்கிறது, நாலு நாளில் அணைப்பதே பழக்கமாகிவிடுகிறது. ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு செயலின் வாலில் புதியதை முடிச்சுப் போட வேண்டும். அந்தச் செயல் எங்கே முடிகிறது என்பதும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். பல் துலக்கி, பிரஷ்ஷை உதறி, டம்ளரில் போடும்போது ஒரு 'டக்' கேட்கும். கேட்டதும் இரண்டடி தள்ளிச் சுவர். "குளித்த பிறகு" என்று வைத்தால் துண்டு, உடை, தலை வாருவது என்று இழுத்துக்கொண்டே போகும், அந்த இழுப்பில் நழுவிவிடும். வேலைக்குக் கிளம்புவதோடு கட்டினால் விடுமுறை நாளில் அறுந்துவிடும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று இடமும் நேரமும் சேர்த்து முன்கூட்டியே தீர்மானித்துவிட்டவர்கள், வெறுமனே "செய்வேன்" என்று உறுதி எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். மன உறுதி போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிற பலருக்கும் போதாதது இந்த ஒரு வரிதான்.

மார்ச் 6
செய்தாயிற்று.

மார்ச் 9
காலி.

மார்ச் 10
நேற்றைய கட்டத்தையே கண் தேடிப் போகிறது. இன்று 6 செட் போட்டு நேர் செய்துவிடலாமா?

கூடாது. தசை பழகாத அளவுக்கு உழைத்தால் வலி அன்றே தெரியாது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். இன்று இரட்டிப்பாகச் செய்தால் நாளை மறுநாள் சட்டை மாட்டவே கை எழாது. விட்டது ஒரு நாள், அதை ஈடுகட்டப் போய் இழப்பது மூன்று நாள். எனவே வழக்கமான 3 செட்தான். நேற்றையது கடனாகாது.

இன்னொரு பேச்சும் உள்ளே ஓடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது: "எப்படியும் கெட்டுவிட்டது, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காகத் தொடங்கலாம்." உளவியல் ஆய்வாளர்கள் ஹெர்மன், மேக் இருவரும் 1975-இல் வெளியிட்ட சோதனை ஞாபகத்துக்கு வருகிறது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மில்க்‌ஷேக் குடித்தவர்கள்தான், குடிக்காதவர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கோட்டை ஒருமுறை தாண்டியதும் கோடே இல்லையென்று ஆகிவிடுகிறது. ஒரு துளியும் பிசகக் கூடாது என்று கோடு கிழித்தவருக்குத்தான் இந்த ஆபத்து. திங்கட்கிழமைக்கு 6 நாள் இருக்கிறது. அந்த 6 நாளைத்தான் அந்தப் பேச்சு கேட்கிறது.

மார்ச் 11
பதில் இல்லை. 3 செட்.

மார்ச் 14
எங்கே பார்த்தாலும் 21 நாள் கணக்கு. பிளாஸ்டிக் சர்ஜன் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பது அவர் தம்மிடம் வந்தவர்களிடம் பார்த்தது. 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. 22ஆம் நாளும் பாரமாகத்தான் இருக்கிறதே என்று எத்தனை பேர் விட்டிருப்பார்கள்! நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்டார்கள். யோசிக்காமலே ஒரு செயலைச் செய்கிற நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. 12 வாரம் என்பது 84 நாள்தான் என்பதால் பெரிய எண்கள், பதிவுகளை வைத்து வரைந்த வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டவை. எனக்கு வேண்டியது அதே ஆய்வின் இன்னொரு வரி: ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

9ஆம் தேதி, கேட்டுக்கொள்.

மார்ச் 16
முதல் பக்கம் நிரம்பியது. 14 கட்டத்தில் 13.

தொடர்ச்சியை மட்டும் எண்ணினால் நேற்றோடு 6. அந்த எண்ணுக்கு 9ஆம் தேதிக்கு முன்னால் நடந்த எதுவும் தெரியாது. 40 நாள் செய்துவிட்டு ஒரு நாள் விட்டாலும் சுழிக்கு வந்துவிடும். அறுந்த அன்று தூக்கிப் போடத் தோன்றுவது அதனால்தான். 14-க்கு எத்தனை என்று பார்ப்பதே நல்லது. அடுத்தடுத்து இரண்டு பக்கம் 12 அல்லது அதற்கு மேல் வந்தால் அளவை ஏற்றலாம், அதுவும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும். 8-லிருந்து 11 என்றால் எதையும் தொட வேண்டாம். 8-க்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்க வேண்டும். அந்த இடத்தில் பலரும் "இன்னும் தீவிரமாக முயல்வேன்" என்று சபதம் எடுக்கிறார்கள். சுமை அதிகம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

பக்கத்தின் ஓரத்தில் இன்னொரு எண்ணும் எழுதுகிறேன்: விட்டபின் திரும்ப எத்தனை நாள் ஆனது. இந்தப் பக்கத்தில் 1. இந்த எண் சிறிதாக இருக்கும்வரை மற்றதெல்லாம் தானாக ஓடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 19
மோசமான நாளுக்கு என்று தனி அளவு: ஒரு செட், ஒரு அட்டை. இரண்டு நிமிடம். கட்டத்தில் பாதிக் கோடு. பாதிக் கோடும் செய்த நாள்தான். காய்ச்சல் என்றால் தண்டால் கூடவே கூடாது, 'ஓ' என்று போட்டுவிட்டுப் படுத்துவிட வேண்டும்.

மார்ச் 20
அழைத்தார்கள். இன்னும் பத்து நாள் ஆகுமாம்.

மார்ச் 26
21, 22, 23, 24, 25. ஐந்து கட்டம். பக்கத்தைப் புரட்டவே கை வரவில்லை.

திருப்பிப் பார்க்க வேண்டிய அட்டை 124 சேர்ந்து கிடக்கிறது. ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் இரண்டு மணி நேரம் போகும், நாளைக்குப் பெட்டியைக் கண்டாலே வெறுப்பு வரும். புதுச் சொல் நிறுத்தம். ஒரு நாளுக்கு 40, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். எதை முதலில் எடுப்பது என்பதும் முக்கியம். நன்றாகப் பதிந்து, 15 நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றாகிவிட்ட பழைய சொற்களுக்கு 5 நாள் தாமதம் பெரிதல்ல, அவை இன்னும் நினைவில் இருக்கும், இப்போது பார்த்தால் பிழைத்துக்கொள்ளும். 20ஆம் தேதி புதிதாகப் போட்டவை ஏற்கெனவே போயிருக்கும். கடைசியில் எடுத்தாலும் புதிதாய் எதுவும் நஷ்டமில்லை. நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி 1885-இல் காட்டியதும் இதுதான்: மறதி முதலில் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும். மறந்தே போனதைத் திரும்பப் படிக்கவும் முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே அவருக்குப் பிடித்தது.

தண்டால்: 5 நாளில் பலம் எங்கும் போய்விடாது. 3 நாள்வரை விட்டால் பழைய அளவு, ஒரு வாரத்தை நெருங்கினால் முதல் இரண்டு நாள் ஒரு செட் குறைவு, மூன்று வாரம் என்றால் பாதி. இன்று 2 செட்.

ஓரத்தில் 5 என்று எழுதினேன். 9ஆம் தேதி எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது இப்போது.

மார்ச் 27
2 செட். அட்டை 40.

மார்ச் 29
நேற்றிலிருந்து பழையபடி 3 செட், இன்று மூன்றுமே 12 வந்தது. சுவரை விட்டு மேசை விளிம்புக்குப் போக ஆசை. உயரம் குறையக் குறைய உடலின் எடை கைக்கு ஏறும். மேசை சுவரில் முட்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் நகரும். கை தோளைவிடச் சற்று அகலம், தலையிலிருந்து குதிகால்வரை ஒரே கோடு. இடுப்பு தொங்க ஆரம்பித்தால் அந்த செட் அங்கேயே முடிந்தது. முடியும்போலத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தப் பக்கத்தில் ஐந்து காலி. தசை சில வாரத்தில் தயாராகிவிடும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணுக்கு அதைவிட நாள் பிடிக்கும், மணிக்கட்டும் முழங்கையும் முதலில் முறையிடுவது அதனால்தான். 12 வந்த உற்சாகத்தில் ஏற்றிவிட்டு, வலி வந்து பத்து நாள் படுத்துக்கொள்வதை விடச் சுவரே மேல்.

மார்ச் 30
டக். 3 செட். அட்டை 38, நிலுவை தீர்ந்தது. நாளை புதுச் சொல் 5 மட்டும்.

பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.