நிற்கும் லாரியின் கணக்கை எழுதத் தெரிந்த மென்பொருள்

போக்குவரத்து மேலாண்மை மென்பொருளை விற்க வருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறார்கள். திரையில் லாரிகள் ஊர்ந்து செல்லும், மிகக் குறுகிய பாதையைக் கணினியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும், பார்ப்பவர் வியந்து போவார். ஆனால் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டாவின் கம்பாலாவுக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்குப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல் அநேகமாக இல்லை. நைரோபி, நகுரு, எல்டோரெட் வழியாக மலாபா அல்லது புசியா எல்லையைக் கடந்து கம்பாலாவை அடையும் அந்த 1,170 கிலோமீட்டர் சாலை எந்த ஓட்டுநருக்கும் மனப்பாடம். நாள்கள் வீணாவது ஓடும்போதைவிட நிற்கும்போதுதான் அதிகம்: துறைமுக வாயிலில், மரியகானி எடை மேடையில், எல்லை வரிசையில், சரக்கை இறக்க ஆள் வராத கிடங்கின் வாசலில்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தகைய மென்பொருளை நிறுவனங்களுக்குப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வரைபடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பயணக் கணக்கிலிருந்து தொடங்குமாறு நான் எல்லோரிடமும் வலியுறுத்துவதற்கு மேற்சொன்னதே காரணம். பயணக் கணக்கு என்றால், ஒரு லாரி கிளம்பும்போது ஓட்டுநருக்குக் கொடுக்கப்படும் முன்பணத்தில் தொடங்கி, டீசல், எல்லைக் கட்டணம், வாகனம் நிறுத்தும் கட்டணம், உதவியாளர் படி, வழியில் பஞ்சர் ஒட்டிய செலவு ஆகிய அனைத்தும் ஒரே பயண எண்ணின் கீழ் வந்து, வாடகைத் தொகையிலிருந்து கழிக்கப்பட்டு, அந்தப் பயணத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று தெரிவது. கென்யாவில் 2007 இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்தபின் இந்தப் பணத்தில் பெரும்பகுதி கைபேசி வழியாகவே போகிறது. எனவே ஒவ்வொரு கொடுக்கலுக்கும் ஒரு பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அது எந்தப் பயணத்தைச் சேர்ந்தது என்பது மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை. பரிவர்த்தனை எண்ணையும் பயண எண்ணையும் இணைத்துவிட்டாலே, அதிக வாடகை தருகிறார் என்று முதலாளி கொண்டாடும் வாடிக்கையாளர், சரக்கை இறக்காமல் லாரியை நாள்கணக்கில் காக்க வைப்பதால் உண்மையில் நஷ்டத்தையே தருகிறார் என்பது போன்ற செய்திகள் வெளிவரத் தொடங்கும்.

இதைவிடப் பெரிய லாபம் முத்திரையிட்ட டெலிவரி சலானில் இருக்கிறது. சரக்கு ருவாண்டாவின் கிகாலியிலோ தெற்கு சூடானின் ஜூபாவிலோ இறங்கிவிட்டாலும், பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட காகிதம் அலுவலகத்துக்கு வந்து சேரும்வரை பில் போட முடியாது. அந்தக் காகிதமோ லாரியின் முன்கூண்டிலேயே பயணம் செய்கிறது. திரும்பும் வழியில் வேறொரு சுமை கிடைத்தால் அதுவும் அங்கே போய்விட்டுத்தான் வரும். வாடிக்கையாளரின் கடன் கெடு பில் தேதியிலிருந்து எண்ணப்படுவதால், காகிதம் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பணம் ஒரு நாள் தள்ளிப்போகிறது. டீசலுக்கோ முன்னதாகவே பணம் கட்டியாக வேண்டும். ஓட்டுநர் கைபேசியில் எடுத்தனுப்பும் ஒரு படத்தால் இந்த இடைவெளியைக் குறைக்கலாம். ஆனால் படத்தை ஏற்க மாட்டோம், அசல்தான் வேண்டும் என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வாங்காமல் மென்பொருளை மட்டும் வாங்குவதில் பொருளில்லை. கென்யாவில் 2024 ஜனவரி 1 முதல் வரித்துறையின் இ-டிம்ஸ் அமைப்பு வழியான மின்னணு பில் இல்லாத செலவை, சில விலக்குகள் நீங்கலாக, வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்றாகிவிட்டதால், அந்த அமைப்புடன் இணையாத மென்பொருளை இப்போது நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பல மென்பொருள்கள், சரக்கு இறங்கியதும் பயணம் முடிந்ததாகக் குறித்துக்கொள்கின்றன. இங்கே அது பாதிப் பயணம்தான். காலிக் கன்டெய்னரைக் கப்பல் நிறுவனம் சொல்லும் கிடங்கில் குறித்த நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் நாள்வாரியாகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், அதுவும் டாலரில். உள்நாட்டை நோக்கிப் போகும் சரக்கு அளவுக்குத் துறைமுகம் நோக்கி வரும் சரக்கு இல்லாததால், திரும்பும் லாரிகளில் கணிசமானவை வெறும் பெட்டியைத்தான் சுமந்து வருகின்றன. ஆகவே கன்டெய்னர் ஒப்படைப்புச் சீட்டு கிடைக்கும்வரை பயணத்தை மூடவிடாத ஏற்பாடு மென்பொருளில் வேண்டும்.

எல்லைகள் முன்பு போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையில் சிருண்டுவில் 2009 இல் ஒரே இடத்தில் இரு நாட்டுச் சோதனையும் முடியும் எல்லைச் சாவடி வந்தது. ஜாம்பியா–போட்ஸ்வானா எல்லையிலுள்ள கசுங்குலாவில் படகுக்காகக் காத்திருந்த லாரிகளுக்கு 2021 இல் பாலம் திறந்தது. கென்யா, உகாண்டா, ருவாண்டா வரித்துறைகள் தங்கள் நாட்டைக் கடந்து வேறு நாட்டுக்குப் போகும் சரக்கின் மீது மின்னணு சீல் பொருத்தி, அதைக் கூட்டாகக் கண்காணிக்கின்றன. ஆயினும் செம்புச் சுரங்கப் பகுதிக்கான காங்கோ வாயிலான கசும்பலேசாவில் லாரி வரிசைகள் இன்றும் புகழ்பெற்றவை. இந்த நிலையில் ஒரு மென்பொருள் "வழியில்", "சேர்ந்தது" என்ற இரண்டு நிலைகளை மட்டும் வைத்திருந்தால் போதாது. சுங்க முகவரின் ஆவணம் வராமல் நிற்கிறதா, சீல் பொருத்துவதற்காக நிற்கிறதா, சக்கர அச்சின் மீதான பளு கூடியதால் எடை மேடையில் நிற்கிறதா என்று காரணத்தோடும் நேரத்தோடும் எழுத இடம் வேண்டும். காத்திருப்புக் கட்டணம் கேட்கும்போது வாடிக்கையாளர் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான். எடையைப் பொறுத்தவரை, கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் வாகனத்தின் மொத்த எடைக்கு 56 டன் என்ற உச்சவரம்பை வைத்திருப்பதோடு ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு விதிக்கிறது. ஏற்றும் இடத்திலேயே அதைச் சரிபார்த்துப் பதிவது அபராதத்தைவிட மலிவு.

டீசல் கணக்கில் வரைபடம் ஓரளவு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், உயரத்தையும் அது அறிந்திருந்தால். மொம்பாசா கடல் மட்டத்தில் இருக்கிறது, நைரோபி ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நகுருவுக்கும் எல்டோரெட்டுக்கும் இடையே டிம்போரோவா அருகே சாலை 2,700 மீட்டரையும் தொடுகிறது. சுமையோடு ஏறும் லாரிக்கும் காலியாக இறங்கும் லாரிக்கும் கிலோமீட்டருக்கு ஒரே அளவு டீசல் என்று விதித்துவிட்டு, பிறகு ஓட்டுநரைத் திருடன் என்று சந்தேகிப்பது அநியாயம். திருட்டே இல்லை என்று சொல்லவில்லை. நியாயமான அளவை முதலில் நிர்ணயித்தால்தான் திருட்டும் தெரியும்.

இணையத்தைப் பற்றி விற்பவர்கள் விரைவாகக் கடந்து போவார்கள். 2024 மார்ச்சில் கோட் டி ஐவரி கடலோரத்தில் கேபிள்கள் அறுந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகள் இணையமின்றித் தவித்தன. அதே ஆண்டு மே மாதம் கிழக்குக் கரையிலும் அதேபோல நடந்தது. இவை பெரிய நிகழ்வுகள். நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் சிக்னல் இல்லாமல் போவது அன்றாடம் நடப்பது. ஓட்டுநரின் செயலி இணைப்பில்லாமலே பதிவுகளைச் சேமித்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். செய்துகாட்டும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். சுவாஹிலியில் இல்லாத செயலியை ஓட்டுநர்கள் பலர் திறப்பதே இல்லை.

வாடகைக்கு அமர்த்தும் லாரிகள் இன்னொரு சோதனை. பெரிய நிறுவனங்கள்கூடத் தங்கள் சுமையில் ஒரு பகுதியை ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் உரிமையாளர்களிடம் கொடுக்கின்றன. அவர்கள் உங்கள் கண்காணிப்புக் கருவியைத் தங்கள் வண்டியில் பொருத்த மாட்டார்கள், பொருத்தச் சொல்வதும் முறையில்லை. கைபேசி எண்ணுக்கு அனுப்பும் ஓர் இணைப்பின் வழியாக அவர்களும் நிலையைச் சொல்லவும், பணம் எப்போது வரும் என்று பார்க்கவும் முடிந்தால், தாமாகவே பயன்படுத்துகிறார்கள். பணம் வரும் தேதியைக் காட்டும் திரையை யாரும் வெறுப்பதில்லை. அலுவலகத்தில் லாரிகளை அனுப்பும் மூத்த பணியாளர்தான் கடினமானவர். வாட்ஸ்அப்பிலும் நோட்டுப் புத்தகத்திலும் அவர் வைத்திருக்கும் செய்திகளே அவருடைய அதிகாரம். அவரை ஓரங்கட்டி நடந்த எந்த அமலாக்கமும் நிலைத்து நான் பார்க்கவில்லை. நிலைகளுக்குப் பெயர் வைப்பதிலிருந்தே அவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

கென்யாவுக்குச் செய்ததை அப்படியே நைஜீரியாவின் லாகோஸுக்குக் கொண்டு போகவும் முடியாது. அந்நகரின் அபாபா துறைமுகத்துக்குள் லாரி நுழைய 2021 முதல் ஈட்டோ என்ற மின்னணு அழைப்பு முறையில் நேரம் பெற வேண்டும். அங்கே பயணத் திட்டமே அந்த நேரத்தைச் சுற்றித்தான் அமைகிறது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கட்டணம் லாரிக்கு மாதம் இத்தனை டாலர் என்று இருந்தால், 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைரா சரிந்தபோது அங்குள்ள நிறுவனங்களுக்கு நேர்ந்தது போல, உள்ளூர் நாணயத்தில் அந்தக் கட்டணம் திடீரென எகிறுவது உங்களுக்கும் நேரலாம். வாடகையை உள்ளூர் நாணயத்தில் வாங்குபவர் மென்பொருள் கட்டணத்தையும் அதிலேயே கட்டக் கேட்பது நியாயமே. மற்றொன்று, விலகும் நாளில் பயணப் பதிவுகள், படங்கள், ஓட்டுநர் கணக்குகள் அனைத்தையும் எக்செல் போன்ற பொதுவான வடிவில் கூடுதல் கட்டணமின்றித் திருப்பித் தருவார்களா என்பது. அதை எழுத்தில் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.