ஆட்டத்துக்கு முன்பே வந்துவிடும் காரணம்

சதுரங்கப் பயிற்சியாளராக இருக்கும் நான், தோற்றபின் மாணவர்கள் சொல்லும் காரணங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே வரும் காரணம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. "சரியாகத் தூங்கவில்லை சார்", "இந்த ஓபனிங்கைப் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) பார்க்க நேரமே கிடைக்கவில்லை." இவை பொய்யல்ல. முக்கியமான சுற்றுக்கு முந்தைய இரவு, நெடுநேரம் கண்விழித்து இணையத்தில் மூன்று நிமிட ஆட்டங்களை ஆடித் தள்ளியிருப்பார். தோல்விக்கான காரணத்தை அவர் கற்பனை செய்யவில்லை, தன் கையாலேயே உண்டாக்கியிருக்கிறார்.

பலகையிலும் இது நடக்கும். மனப்பாடமாகத் தெரிந்த நகர்வுகளுக்குக்கூட நீண்ட நேரம் யோசித்து, பிற்பாதியில் சில நொடிகளோடு திண்டாடுவார்கள். பிறகு தோற்றது அவர்கள் அல்ல, கடிகாரம். தெளிவாக வெல்லும் நிலையில் டிரா கேட்பதைத்தான் நான் மிக மோசமானதாகக் கருதுகிறேன். ஏனென்றால் அது அடக்கம்போலத் தோற்றமளிக்கிறது. யாரும் தட்டிக் கேட்பதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் டெஷாப்பெல், எதிராளிக்கு ஒரு சிப்பாயையும் முதல் நகர்வையும் விட்டுக்கொடுத்தே ஆடுவேன் என்று அடம்பிடித்தவர். தோற்றால் விட்டுக்கொடுத்த சிப்பாய் காரணமாகிவிடும். வென்றால் புகழ் இரட்டிப்பாகும். இப்படி முன்கூட்டியே காரணத்தை உண்டாக்கிக்கொள்வதை உளவியலாளர்கள் பெர்க்லாஸும் ஜோன்ஸும் 1978இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வில் ஒரு பகுதி மாணவர்களுக்கு விடையே காண முடியாத கேள்விகளைக் கொடுத்துவிட்டு, மிக நன்றாகச் செய்தீர்கள் என்று பாராட்டினார்கள். அடுத்த சோதனைக்கு முன், திறனைக் கூட்டும் மருந்து, குறைக்கும் மருந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எப்படி வென்றோம் என்று தெரியாமல் பாராட்டுப் பெற்றவர்கள், குறிப்பாக ஆண்கள், திறனைக் குறைக்கும் மருந்தை அதிகம் விரும்பினார்கள்.

என் தொழிலில் நான் பார்ப்பதும் இதுதான். அடிக்கடி தோற்பவர்களைவிட, 'பிறவி மேதை' என்று பெயரெடுத்தவர்களே தங்களை அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். வெற்றி எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. அது மறுபடி வருமா என்ற பயத்தை வெளியில் சொல்லவும் முடியாது. முழு உழைப்பையும் போட்டுத் தோற்றால் அந்தப் பெயர் போய்விடும். பாதி உழைப்போடு தோற்றால் பெயர் பத்திரமாக இருக்கும். "நீ நினைத்தால் யாரையும் வெல்லலாம்" என்று பெற்றோர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அன்பில் சொல்வதுதான், ஆனால் பிள்ளைக்கு அது காப்பாற்றியே தீர வேண்டிய சொத்தாகிவிடுகிறது.

தோற்ற ஆட்டத்தை அலசுவது எல்லாப் பயிற்சியாளரும் செய்வது. நான் வென்ற ஆட்டங்களையும் அதே கண்டிப்போடு அலசச் சொல்கிறேன். சிறந்த நகர்வைச் சொல்லிவிடும் கணினி நிரலான எஞ்சினைத் திறக்கக் கூடாது. குதிரையை ஏன் அங்கே கொண்டுபோனாய், எதிராளியின் எந்தத் தவறு உனக்கு உதவியது, எந்த இடத்தில் தெரியாமல் ஆடினாய் என்று அவரே எழுத வேண்டும். சலிப்பூட்டும் வேலை, முகம் சுளிப்பார்கள். ஆனால் தன் வெற்றியை விளக்கத் தெரிந்தவர், அடுத்த சுற்றுக்கு முன் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது மெல்லக் குறைகிறது.

ரேட்டிங்கை, அதாவது போட்டி முடிவுகளை வைத்துக் கணக்கிடும் தரப்புள்ளியை, பூட்டி வைப்பவர்கள்தான் கடினம். 2000ஐத் தொட்டதும் போட்டிகளுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். படிப்பு, உடல்நலம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். அவர்களிடம் ஆறுதல் பேசிப் பயனில்லை என்பதால் கணக்கைக் காட்டுகிறேன். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 முதல் பயன்படுத்தும் ஈலோ என்ற தரப்புள்ளி முறைப்படி, வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று வைத்தால், எதிராளியைவிட 200 புள்ளிகள் மேலே இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படுவதே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76தான். மீதி ஏறத்தாழக் கால் பங்கு எதிராளிக்கு உரியது. அவ்வப்போது தன்னைவிடக் கீழே உள்ளவரிடம் தோற்பதும் அந்த 2000க்குள்ளேயே அடக்கம். சிலர் இதைக் கேட்டு, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். சிலர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, தேர்வு முடியட்டும் சார் என்கிறார்கள்.