டி டிரைவில் அட்ரஸ் புக் இருக்காது

கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதி ஆபீஸ் எங்களுடையது. முதலாளிக்கு மெயில் எல்லாம் தண்டர்பேர்ட் என்கிற மெயில் சாஃப்ட்வேரில்தான், அதுவும் மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில், சர்வரில் ஒன்றும் மிச்சம் வைக்காமல். விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததும் சர்வீஸ் கடைக்குப் போனது. "எல்லா டேட்டாவும் எடுத்தாச்சுங்க" என்று சொல்லி, ஃபார்மேட்டும் அடித்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்துவிட்டார் அந்தத் தம்பி. எடுத்தது எது என்று பார்த்தால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், அப்புறம் டி டிரைவ். தண்டர்பேர்டின் மெயிலும் அட்ரஸ் புக்கும் இருப்பதோ சி டிரைவில், யூசர் பெயருக்குள் ஆப்டேட்டா (AppData), ரோமிங் (Roaming) என்று போகும் மறைந்த ஃபோல்டரில். போன் போட்டுக் கேட்டால், "அது சிஸ்டம் ஃபைலுங்க சார், அதுல ஒண்ணும் இருக்காதுங்க" என்கிறார்! கடையில் 'டேட்டா எடுங்க' என்று பொதுவாகச் சொன்னால் இதுதான் கதி. ஃபோல்டர் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

பையர்கள் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள்), நூல் மில், சாயப்பட்டறை, சிஎச்ஏ (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) என்று பல வருடம் சேர்த்த முகவரிகள். முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நல்லவேளை, விண்டோஸ் 7 தானாகவே எடுத்து வைத்த பேக்கப் ஒன்று எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் கிடந்தது. திறந்தால் உள்ளே 'பேக்கப் ஃபைல்ஸ்' என்று நம்பர் போட்ட ஜிப்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடிக் கண் பூத்துப்போனது. அந்த வேலையே தேவையில்லை. விண்டோஸ் 10 கண்ட்ரோல் பேனலிலும் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' இருக்கிறது. அதில் வேறு பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து, தேடும் இடத்தில் 'ஏபுக்' (abook) என்று அடித்தால், எங்களுடையது போலப் பழைய தண்டர்பேர்டாக இருந்தால், அட்ரஸ் புக் ஃபைலான ஏபுக்.எம்ஏபி (abook.mab) வந்து நிற்கும். ஹிஸ்டரி.எம்ஏபியையும் (history.mab) விடாதீர்கள். நாம் சேமிக்காமல் பதில் மட்டும் போட்டவர்களின் முகவரிகள் அதில்தான் சேரும், எங்கள் பையர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். எடுக்கும்போது 'பழைய இடத்திலேயே' என்று கொடுக்காமல் தனி ஃபோல்டருக்கு எடுங்கள்.

இந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் டாலர் குறியாகத் தெரியும், ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஃபார்மேட் ஆகி வந்த கம்ப்யூட்டரில் அதற்குள் புது மெயில்கள் சேர்ந்துவிட்டதால் முழு ப்ரொஃபைலையும் (மெயில், செட்டிங் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) தூக்கிப் போட முடியாது, அட்ரஸ் புக்கை மட்டும் இம்போர்ட் செய்தேன். எந்த வகை ஃபைல் என்று கேட்கும், எம்ஏபி ஃபைலுக்கான மோர்க் (Mork) என்ற வகையைக் கொடுத்தால் முடிந்தது.

அப்புறம் முதலாளிக்கு எக்ஸெல்லில் லிஸ்ட் வேண்டுமாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது வெறும் சிஎஸ்வி கொடுத்தால் 'சாயப்பட்டறை அண்ணன்' கேள்விக்குறிகளாகிவிடுவார். யூடிஎஃப்-8 (UTF-8) என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அதையும் டபுள் கிளிக் செய்து திறக்கக் கூடாது. திறந்தால் தமிழ் கிறுக்கலாகும், கரூர் எஸ்டிடி கோடு 04324-ல் முன்னால் இருக்கும் சைபர் பறந்துவிடும், 91-ல் தொடங்கும் செல் நம்பர் எல்லாம் 9.19E+11 என்கிற மாதிரி வரிசையாக நிற்கும். எக்ஸெல்லில் டேட்டா மெனு வழியாகப் போய், நம்பர் இருக்கும் பத்தியை (column) டெக்ஸ்ட் என்று மாற்றி ஏற்றினால்தான் சரி.

பேக்கப் எடுத்த தேதிக்குப் பிறகு வந்தவர்கள் அதில் இல்லை. அதற்கு சிஎச்ஏ ஆபீஸில் பேசி, எங்கள் ஷிப்மென்ட் மெயில்களைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். சிசி-யில் இருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தாயிற்று. ஜெர்மனி பையரின் அக்கவுண்ட்ஸ் ஆள் மட்டும் இன்னும் சிக்கவில்லை, அவரிடமிருந்துதான் பணம் வர வேண்டியிருக்கிறது.