ஆன்லைனில் முதுநிலைப் படிப்பு: வீடியோவைக் குறைத்து கேள்வியைக் கூட்டுங்கள்

ஆன்லைனில் முதுநிலைப் படிப்பு சேரலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது, வீடியோ பாடங்கள் நன்றாக இருக்குமா என்பதைத்தான். வேலை பார்த்துக்கொண்டே புள்ளியியலும் புரோகிராமிங்கும் கலந்த ஒரு முதுநிலைப் படிப்பை முழுக்க ஆன்லைனில் முடித்தவன் நான். வீடியோ சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம், கேள்விகள் சுமாராக இருந்தால்தான் கஷ்டம் என்பது என் அனுபவம். ஆகவே சேருவதற்கு முன் மாதிரிப் பாடம் ஒன்றைத் திறந்து, எத்தனை இடங்களில் உங்களிடம் பதில் கேட்கிறார்கள், தவறான பதிலுக்கு என்ன விளக்கம் வருகிறது என்று பாருங்கள். வெறும் 'தவறு' என்று மட்டும் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

பல்கலைக்கழக வகுப்புக்குள் கணினி நுழைந்ததே கேள்வி கேட்பதற்காகத்தான். 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் குழுவினர் பிளேட்டோ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். திரையில் பாடம் வரும், பின்னாலேயே கேள்வி வரும். சரியான பதிலைத் தட்டினால்தான் மேலே போகலாம். தெரியாவிட்டால் உதவிப் பொத்தானை அழுத்த வேண்டும். அதே விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகச் சொல்லிக்கொடுத்து, மறுபடியும் பழைய கேள்விக்கே கொண்டுவந்து நிறுத்தும். நழுவ வழியே கிடையாது.

வீடியோ பெரிய அளவில் வந்தது பிற்பாடுதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய 1,60,000 பேர் பதிந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எடெக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளங்கள் வந்தன. அந்த ஸ்டான்ஃபோர்ட் பாடத்தில் வீடியோக்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக இருந்தன, இடையிடையே கேள்விகள் வந்தன. அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களில் பலர் வீடியோவை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார்கள். 2020இல் கொரோனா வந்தபோது பேராசிரியர்கள் ஒரே வாரத்தில் வகுப்பைக் கேமரா முன் மாற்ற வேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அவசர ஏற்பாடே இன்றும் பல இடங்களில் ஆன்லைன் படிப்பு என்ற பெயரில் ஓடுகிறது. 50 நிமிடம் ஒருவர் பேசுவார், நாம் பார்ப்போம். கேள்வி கேட்கும் வேலை மாணவன் தலையில் விழுந்துவிட்டது.

நல்ல பேச்சாளர் நடத்தும் வீடியோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்க்கும்போது எல்லாமே புரிகிறது. 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வில், நல்ல விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். தாங்களே கணக்குப் போட்டுத் திணறிய மாணவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் திணறியவர்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம். நேர் வகுப்பிலேயே இந்தக் கதை என்றால், பாதி கண் மெயிலில் இருக்கும் ஆன்லைன் வகுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதனால் நான் வீடியோவைத் திறப்பதற்கு முன்பே அந்த வாரத்து க்விஸைத் திறந்துவிடுவேன். பல முறை எழுத அனுமதிக்கும் க்விஸ் என்றால் ஒரு முறை எழுதியே பார்ப்பேன். ஒரே வாய்ப்புதான் என்றால் பாடப்புத்தகப் பயிற்சியிலிருந்து இரண்டு மூன்று கேள்விகள். பெரும்பாலும் தவறாகத்தான் வரும், பரவாயில்லை. எதைத் தேடி வீடியோ பார்க்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். திட்டப்பிழை (standard error) என்ற பாடம். மாதிரியில் கிடைத்த சராசரி உண்மையான சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பதன் அளவு அது. தரவின் பரவலைச் சொல்லும் திட்ட விலக்கத்தை (standard deviation) மாதிரி அளவின், அதாவது எத்தனை பேரை அளந்தோம் என்பதன், வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். வீடியோவில் பேராசிரியர் படம் போட்டு விளக்கும்போது சுகமாக இருக்கும். அங்கே நிறுத்தி, அந்தத் தாவலை மூடிவிட்டு, ஒரு தாளில் இதை எழுதிப் பாருங்கள்: திட்டப்பிழையைப் பாதியாக்க வேண்டும், மாதிரி அளவை எத்தனை மடங்காக்க வேண்டும்? கை தானாக 'இரண்டு' என்று எழுதப் போகும். நான்கு மடங்கு ஆக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: மாதிரி அளவைக் கூட்டினால் திட்ட விலக்கமும் அதே மாதிரி குறையுமா? குறையாது; அது மாதிரியை எடுத்த மொத்தக் கூட்டத்தில் இருக்கும் பரவல், நாம் எத்தனை பேரை அளந்தோம் என்பதைப் பொறுத்ததல்ல. இந்த இரண்டு கேள்விக்கும் யோசித்து எழுதிய பத்து நிமிடத்தில் கிடைப்பது, அதே வீடியோவை இன்னொரு முறை பார்த்தால் கிடைக்காது.

வேகத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 2021இல் வெளிவந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் இரு மடங்கு வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை, 2.5 மடங்கில் அடிவாங்கியது. நான் அறிமுகப் பகுதிகளை 1.75இல் ஓட்டுவேன். நிரூபணம், வரைபடம் வரும் இடங்களில் சாதாரண வேகம். மிச்சமாகும் நேரத்தை இன்னொரு வீடியோவுக்குக் கொடுக்காமல் பயிற்சிக் கணக்குக்குக் கொடுத்தால்தான் வேகமாகப் பார்த்ததற்கு அர்த்தம்.

குறிப்பெடுப்பது அவரவர் பழக்கம். விவாத மன்றத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும் என்பவர்களும் உண்டு. நான் அங்கே கேள்வி கேட்டதைவிட மற்றவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித்தான் அதிகம் படித்தேன். பதிலை எழுத உட்கார்ந்தால்தான் நமக்கே எங்கே இடிக்கிறது என்று தெரியும். ஏஐ உரையாடல் கருவியையும் இதே கணக்கில்தான் வைத்திருக்கிறேன். விடையைக் கேட்டால் அது இன்னொரு சுகமான வீடியோ. 'இந்தத் தலைப்பில் என்னிடம் கேள்வி கேள், பதில் சொல்லும் வரை விடையைக் காட்டாதே' என்று சொன்னால் பழைய பிளேட்டோ திரும்பி வந்துவிடும். மதிப்பெண் உள்ள அசைன்மென்ட்டில் அதை எதுவரை பயன்படுத்தலாம் என்பதைப் பாட விதிகளில் முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

இனி மதிப்பெண் போடும் இயந்திரத்தைப் பற்றி. மனிதர் திருத்தினால் வழிமுறைக்குப் பாதி மதிப்பெண் தருவார். இயந்திரம் கடைசி எண்ணை மட்டும்தான் பார்க்கும். திட்ட விலக்கம் 7, மாதிரி அளவு 30, மாதிரியின் சராசரி 52.5, சோதித்துப் பார்க்கும் கருதுகோள் சொல்லும் சராசரி 50. இசட் மதிப்பு, அதாவது இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்டப்பிழையால் வகுத்தால் வரும் எண், என்ன என்று கேட்கிறார்கள். திட்டப்பிழை 1.278. அதை 1.3 என்று சுருக்கி எழுதிக்கொண்டு வகுத்தால் 1.92 வரும். சுருக்காமல் வகுத்தால் 1.96. இரண்டு தசம இடம் கேட்கும் தேர்வில் முதலாவதற்குப் பூஜ்யம்தான், முறை முழுக்கச் சரியாக இருந்தும். நடுவில் சுருக்காதீர்கள், கால்குலேட்டரின் நினைவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் மட்டும் சுருக்குங்கள். சதவீதமா தசமமா என்பதையும் கேள்வியில் இரண்டாம் முறை பாருங்கள், 4.5 கேட்ட இடத்தில் 0.045 தட்டினால் போச்சு. நிரல் அசைன்மென்ட்டுகளில் நமக்குக் காட்டும் சோதனைகள் போக மறைந்திருக்கும் சோதனைகளும் ஓடும். காலிப் பட்டியல், ஒரே ஓர் உறுப்பு, எதிர்மறை எண் ஆகிய மூன்றையும் நாமே கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

டெட்லைன் எந்த நேர மண்டலத்தில் என்று முதல் நாளே பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருப்பார்கள், நாம் நம் கடிகாரத்தில் நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டிருப்போம். சில இடங்களில் 'பூமியில் எங்கேயாவது' என்று இருக்கும். அது யுடிசியைவிட 12 மணி நேரம் பின்தங்கியது, ஆகவே நமக்குச் சாதகம். அதை நம்பிக் கடைசி மணி வரை இழுக்காதீர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது தளம் திணறும்.

கேமரா வழியே மென்பொருள் கண்காணிப்புடன் நடக்கும் ஆன்லைன் தேர்வுதான் பலருக்குப் பயம். பாடத்துக்காகப் பயப்படுங்கள், மென்பொருளுக்காகப் பயப்பட வேண்டாம், அதை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கலாம். மாதிரித் தேர்வு வசதி இருந்தால் தேர்வு எழுதப்போகும் அதே கணினியில், அதே அறையில், அதே நேரத்தில் எழுதிப் பாருங்கள். அலுவலகக் கணினியைத் தவிர்ப்பது நல்லது. நிறுவனப் பாதுகாப்பு மென்பொருள் அந்தத் தேர்வுச் செயலியைத் தடுத்துவிடலாம், அதை மாற்றும் உரிமை நம்மிடம் இருக்காது. முந்தின இரவே சிஸ்டம் அப்டேட்டை முடித்துவிட்டு, இரண்டாவது மானிட்டரின் வயரைக் கழற்றிவிடுங்கள். வாய்விட்டுக் கேள்வியைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு தேர்வில் அதற்காக எச்சரிக்கை வந்தது, அதற்குப் பிறகு உதட்டை மூடிக்கொண்டு கணக்குப் போடப் பழகினேன். நிமிர்ந்து கூரையைப் பார்த்து யோசிப்பவர்களும் தாளைப் பார்த்து யோசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாளை அனுமதிப்பார்களா, தேர்வு முடிந்ததும் கேமராவில் காட்டிக் கிழிக்கச் சொல்வார்களா என்பதை விதியில் பாருங்கள்.

நடுவில் இணைப்பு துண்டிக்கப்பட்டால் பதறி எல்லாவற்றையும் மூடாதீர்கள். பல மென்பொருள்கள் பதில்களைத் தானாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். அதே உலாவியில் மறுபடி உள்ளே போனால் விட்ட இடத்தில் நிற்கும். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை முன்பே ஒரு முறை இணைத்துப் பார்த்து வைத்திருந்தால் கடவுச்சொல் தேடும் வேலை இருக்காது. துண்டித்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, தேர்வு முடிந்தவுடன் உதவி மையத்துக்கு எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நம் வார்த்தை மட்டும்தான் இருக்கும், உடனே எழுதினால் அவர்களுடைய பதிவோடு ஒத்துப்பார்ப்பார்கள்.

தேர்வு முடிந்த களைப்பில் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: பருவம் முடிந்த சில வாரங்களில் பாடத்தளத்தின் அணுகலை மூடிவிடும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நீங்கள் எழுதிய நிரல்கள், தவறாகப் போன கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும், மன்றத்தில் நீங்கள் எழுதிய நல்ல பதில்கள் ஆகியவற்றை விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு அதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோக்களை விட்டுவிடலாம், அந்தத் தலைப்பில் வேறு நல்ல வீடியோ எங்கேயும் கிடைக்கும்.