நீலம் போகாத படலம்

மார்ச் 3
மின்சாரத்தால் நிறம் மாறும் ஜன்னல் கண்ணாடிக்காக நான் சோதிக்கும் மெல்லிய படலங்களில் மூன்றாம் எண் இன்று வெளுக்கவே இல்லை. முதல் வாரத்தில் இதே டங்ஸ்டன் ஆக்சைடு, லித்தியத்தோடு ஒப்பிட்டு 2 வோல்ட்டுக்கு இறக்கினால் கருநீலம், 4 வோல்ட்டுக்கு ஏற்றினால் வெறும் கண்ணாடி. இப்படி இறக்கி ஏற்றும் 400 சுழற்சி முடிந்ததும் ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே மங்கல் நீலம்தான். மனசே சரியில்லை.

மார்ச் 4
நிறம் வருவதே லித்தியம் அயனியும் எலக்ட்ரானும் சேர்ந்து படலத்துக்குள் நுழைவதால்தான். டங்ஸ்டனில் ஒரு பகுதி ஆறிலிருந்து ஐந்து இணைதிறனுக்கு இறங்கி, சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, நமக்கு நீலம் தெரிகிறது. அயனி வெளியே வந்தால் தெளிவு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அயனிகள் ஆழமான இடங்களில் சிக்கி உள்ளேயே தங்கிவிடுகின்றன. இன்னும் அடர்ந்த நீலம் வேண்டுமென்று 2 வோல்ட்டுக்கும் கீழே இறக்கினால் சிக்குவது வேகமாகக் கூடுகிறது. அந்த ஆசையைத்தான் முதலில் விட வேண்டும்.

மார்ச் 6
ஐந்தாம் எண் படலத்தின் கதை வேறு. படலம் மூழ்கியிருக்கும், அயனிகளைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டில் ஈரம் ஏறியிருந்தது, தண்ணீர் பட்டால் இந்த ஆக்சைடு மெல்லக் கரையும், ஓரத்தில் உரிந்தும் வந்திருக்கிறது. இதை மீட்க வழியில்லை. மூன்றாம் எண்ணை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், ஒரு விரிசல்கூட இல்லை. பொருள் முழுசாக இருக்கிறது, அயனி மட்டும் உள்ளே மாட்டியிருக்கிறது. இரண்டையும் 'கெட்டுப்போனது' என்று ஒரே டப்பாவில் போடுவது பெரிய தப்பு.

மார்ச் 9
ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தின் கிரான்க்விஸ்ட், நிக்லாசன் குழு சிக்கிய அயனிகளை வெளியேற்ற 2015-இல் காட்டிய வழியை மூன்றாம் எண் படலத்தில் முயன்றேன். வோல்ட்டை நிலையாக வைக்காமல் மின்னோட்டத்தை நிலையாக வைத்தேன், சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர், அவ்வளவு சின்னது. வோல்ட் தானாக ஏறியது, 4-ஐத் தாண்டியது, சாயங்காலம் 5-ஐயும் தாண்டியது. ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன், தூக்கம்தான் வரவில்லை.

மார்ச் 10
தெளிவு! பின்னால் வைத்த காகிதத்தின் எழுத்து அப்படியே தெரிகிறது. மறுபடி சுழற்றினால் உள்ளே போய் வரும் மின்னூட்டம் ஏறக்குறைய முதல் நாள் அளவு. சிக்கியவை வெளியேறிவிட்டன. அந்தப் படலத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14
சுழற்சி தொடர, மறுபடி மங்கத் தொடங்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான், திரும்பவும் மீட்கலாம். எனக்குக் கவலை வேறு. அந்த உயர்ந்த வோல்ட்டில் எலக்ட்ரோலைட்டும் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடையும். தவிர, நிஜ ஜன்னலில் டங்ஸ்டன் ஆக்சைடு தனியாக இருக்காது, எதிர்ப்பக்கம் பெரும்பாலும் நிக்கல் ஆக்சைடு இருக்கும், அது அயனி வெளியேறும்போது பழுப்பாகும் வகை, அது தேய்கிற விதமும் வேறு. ஒன்றை மீட்கப்போய் இன்னொன்றைக் கெடுத்துவிடக் கூடாது. திங்கட்கிழமை முதல் நிக்கல் ஆக்சைடைத் தனியாகச் சுழற்றிப் பார்க்கப் போகிறேன், ஈரம் இல்லாத புது எலக்ட்ரோலைட்டில்.