பொலோனியாவில் படிப்பும் வாய்மொழித் தேர்வும்

இத்தாலியில் இருக்கும் பொலோனியாவுக்கு இயற்பியல் முதுகலை படிக்க வந்ததில் என்னை அதிகம் மாற்றியது எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன், தேர்வுதான். ஊர் அழகு, சாப்பாடு, ரயிலேறிப் பார்த்த மற்ற நகரங்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இத்தாலியில் பல்கலைக்கழகத் தேர்வுகளில் கணிசமானவை வாய்மொழியாக நடக்கின்றன. சில பாடங்களில் முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் வாய்மொழி. சில பாடங்களில் வாய்மொழி மட்டும். செய்முறைத் தேர்வோடு சேர்த்து ஐந்து நிமிஷம் ஏதோ கேட்டுவிட்டு அனுப்புவார்களே, அந்த வைவா இல்லை இது. பாடம் முழுவதற்குமான மதிப்பெண்ணே அந்த மேசையில்தான் முடிவாகும்.

முறை இப்படி. செமஸ்டர் முடிந்ததும் ஒரே தேதியில் எல்லாரையும் உட்கார வைப்பதில்லை. குளிர்காலத்தில் ஜனவரி, பிப்ரவரி, கோடையில் ஜூன், ஜூலை, பிறகு செப்டம்பர் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் பல தேர்வு நாட்கள் அறிவிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அப்பெல்லோ என்று பெயர். எதற்குத் தயாரோ அதற்கு நாமே இணையத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். மதிப்பெண் 30க்கு. 18 எடுத்தால் பாஸ், மிக நன்றாகச் செய்தவர்களுக்கு 30க்கு மேலே லோதே என்று ஒரு பாராட்டும் உண்டு. தேறாவிட்டால் அடுத்த அப்பெல்லோவுக்கு வரலாம், அரியர் என்று முதுகில் குத்திய முத்திரை எதுவும் கிடையாது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிய ஆச்சரியம், கொடுக்கும் மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் மாணவர் வேண்டாம் என்று சொல்லலாம்.

என் முதல் வாய்மொழித் தேர்வு புள்ளியியல் இயக்கவியல். வியா இர்னெரியோவில் இருக்கும் இயற்பியல் துறையின் தாழ்வாரத்தில் காலையிலிருந்தே எல்லாரும் காத்திருந்தோம். பட்டியலில் யார் பெயர் எப்போது வரும் என்று நேரம் குறிப்பதில்லை, ஒருவர் முடித்தால் அடுத்தவர், அவ்வளவுதான். கதவு திறந்து ஒருவர் வெளியே வந்த உடனே பத்துப் பேர் சுற்றி நின்று "என்ன கேட்டார், என்ன கேட்டார்" என்று துளைப்பார்கள். வருபவர் மதிப்பெண் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால் கேள்வியைத்தான் சொல்வார். ஒரு பெண் அதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள், அந்த நோட்டு பிறகு அடுத்த வருஷத்து மாணவர்களுக்குப் போகும். நான் வெளியே நிற்க முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். இங்கே தேர்வு பொதுவில் நடக்க வேண்டும் என்பது விதி, கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பேராசிரியர் யாரையும் ஏமாற்ற முடியாது, யாருக்கும் சலுகை காட்டவும் முடியாது. அந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு அன்றே பிடித்துப்போனது.

என் முறை வந்தது. மேசைமேல் வெள்ளைத் தாள்கள், ஒரு பேனா. "உனக்குப் பிடித்த ஒரு தலைப்பில் ஆரம்பி" என்றார் பேராசிரியர். திடப்பொருள்களின் வெப்ப ஏற்புத்திறனை, அதாவது அவற்றைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்பதை, எடுத்துக்கொண்டேன். அதை விளக்கும் ஐன்ஸ்டைன் மாதிரியின் சமன்பாட்டை எழுதினேன், டிபை மாதிரிக்குப் போனேன், தாழ்ந்த வெப்பநிலையில் அது வெப்பநிலையின் மும்மடியாகக் குறைகிறது என்று வரைபடமும் போட்டேன். அவர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் தாளை எடுத்துத் தன் பக்கம் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, இப்போது சமன்பாடு இல்லாமல் சொல். ஐன்ஸ்டைனுடையது ஏன் தாழ்ந்த வெப்பநிலையில் தோற்கிறது?" என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் வாயே வரவில்லை. ஒவ்வொரு அணுவும் தனித்தனியாக, ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதாக ஐன்ஸ்டைன் வைத்துக்கொண்டார், குளிர்ந்துவிட்டால் அந்த ஒரே அதிர்வைத் தட்டி எழுப்பவும் ஆற்றல் போதாது, அதனால் எல்லாம் ஒட்டுமொத்தமாக உறைந்துபோகிறது, ஆனால் நிஜத் திடப்பொருளில் அணுக்கள் சேர்ந்து அலைகளாக அசைகின்றன, நீண்ட அலைகளுக்கு மிகக் குறைந்த ஆற்றல் போதும், எவ்வளவு குளிர்ந்தாலும் அவை கொஞ்சம் மிச்சமிருக்கும் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "அப்படியென்றால் உயர்ந்த வெப்பநிலையில் மட்டும் இரண்டு மாதிரியும் ஏன் ஒத்துப்போகின்றன?" அங்கே அதிர்வெண் எதுவானாலும் ஒவ்வொரு அசைவுக்கும் சமமான பங்கு ஆற்றல் கிடைத்துவிடுகிறது, அதனால் எந்த மாதிரி என்பதே முக்கியமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எனக்கே முதல் முறையாகப் புரிந்தது. இந்தப் பாடத்தை நான் பட்டப்படிப்பிலேயே படித்து, எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள். புரிந்தது அந்த மேசையில்தான்.

இருபத்தைந்து தருகிறேன், எடுத்துக்கொள்கிறாயா என்றார். எனக்கு அந்தக் கேள்வியே புதிது. ஆசிரியர் போடும் மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போவதுதான் அதுவரை பழக்கம். வேண்டாம் என்றால் மறுபடியும் முழுப் பாடமும் படித்து அடுத்த அப்பெல்லோவுக்கு வர வேண்டும், அதற்குள் மற்ற பாடங்களும் நெருக்கும். போதாததற்கு, ஏர்.கோ என்ற மாநில உதவித்தொகை வாங்குகிற முதல் வருஷத்துக்காரர்கள் ஆகஸ்ட் 10க்குள் குறிப்பிட்ட கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் பணத்துக்கே ஆபத்து. எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பக்கத்து அறை நண்பன் 27ஐயே மறுத்துவிட்டு மீண்டும் வந்து 30 வாங்கினான், அவனுக்கு அது சரி. இந்த முடிவை மாணவரிடமே விடுகிற மரியாதை இருக்கிறதே, அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

அதற்குப் பிறகு நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. இங்கே மாணவர்கள் சத்தமாகச் சொல்லிப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை, எதிரே ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து விளக்குவது. நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் பேராசிரியர், ஒருவர் மாணவர், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இதற்கு இந்த ஊரைப் போல வசதியான ஊர் வேறு இருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பொலோனியா முழுக்க போர்த்திகோக்கள், அதாவது தெருவோரக் கட்டடங்களின் கீழே தூண்களும் வளைவுகளுமாக நீளும், மேலே கூரையுள்ள நடைபாதைகள். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 62 கிலோமீட்டர் வரும், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மழையோ பனியோ, குடை இல்லாமல் மணிக்கணக்காக நடந்துகொண்டே பேசலாம். தேர்வுக் காலத்தில் இரவு பத்து மணிக்குக்கூட கையில் தாளோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் பெரிய தேர்வுகளுக்கு முன்னால் சான் லூக்கா கோயில் வரை மேடேறும் போர்த்திகோவுக்குப் போய்விடுவேன். 666 வளைவுகள், ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். ஒரு பாடத்தின் பாதியை ஏறும்போது, மீதியை இறங்கும்போது சொல்லி முடித்துவிடலாம், மூச்சு வாங்கும்போது எந்த இடத்தில் விளக்கம் அறுந்துபோகிறதோ அந்த இடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

மற்ற நாட்களில் பியாத்சா மஜ்ஜோரே என்ற மையச் சதுக்கத்தை ஒட்டிய சாலபோர்சா நூலகம். கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானியக் கால இடிபாடுகள் தெரியும், எல்லாருக்கும் இலவசம். அது அக்கூர்சியோ மாளிகையின் ஒரு பகுதி. லாரா பாஸி என்ற இருபது வயதுப் பெண் 1732 ஏப்ரலில் இதே மாளிகையில்தான் ஊர்ப் பெரியவர்களும் பேராசிரியர்களும் கூடியிருக்க 49 கருத்துகளை வைத்து வாதாடினார். அடுத்த மாதம் பட்டம், அதே வருஷம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி. ஆனால் பெண் என்பதால் மற்றவர்களைப் போல வழக்கமாக வகுப்பெடுக்க விடவில்லை. அவர் வீட்டிலேயே சோதனைக்கூடம் வைத்து இயற்பியல் கற்பித்தார். 1776இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பரிசோதனை இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தது, அவர் கணவரே அவருக்கு உதவியாளர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது எனக்குப் பயத்தோடு ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. பேசி நிரூபிப்பது என்பது இந்த ஊரில் அத்தனை பழையது.

பழமையைச் சொல்லும்போது வாடகையையும் சொல்ல வேண்டும், இங்கே வருகிறவர்களுக்கு முதல் அடி அதில்தான் விழும். அறை கிடைப்பது மிகக் கஷ்டம். தனி அறைக்கு 500 யூரோவுக்குக் குறைந்து நான் கேட்ட இடங்களில் எதுவும் இல்லை, சிலர் பெயரைப் பார்த்ததுமே பதில் போடுவதை நிறுத்திவிட்டார்கள், ஒரு தரகர் வீட்டைக் காட்டாமலே முன்பணம் கேட்டார். கடைசியில் ஒரே அறையை இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொண்டேன். இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னவென்றால், இந்தப் பல்கலைக்கழகத்தை வளர்த்தவர்களே வெளியூர் மாணவர்கள்தான். 1088இல் தொடங்கியதாகக் கொண்டாடப்படும் இந்த இடத்தில், நடுக்காலத்தில் வெளியூர் மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆசிரியர்களைத் தாங்களே அமர்த்தினார்கள், தாமதமாக வந்த ஆசிரியருக்கு அபராதம்கூடப் போட்டார்கள். வீட்டு வாடகையை நிர்ணயிக்க மாணவர் தரப்பும் நகரத் தரப்பும் சேர்ந்த குழு இருந்தது. அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது?

இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி அட்டை விஷயம் அத்தனை பயப்பட வேண்டியதில்லை. வந்து எட்டு வேலை நாட்களுக்குள் தபால் அலுவலகத்தில் அதற்கான உறையை வாங்கி நிரப்பி, 16 யூரோ முத்திரை ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது தரும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அட்டை வர மாதக்கணக்காகும், அதுவரை அதுதான் உங்கள் ஆதாரம்.

மறுபடி தேர்வுக்கு வருகிறேன். வாய்மொழித் தேர்வில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் முதல் ஆளாகப் போகிறவரையும் மாலை ஐந்து மணிக்குப் போகிறவரையும் ஒரே பேராசிரியர் ஒரே பொறுமையோடு கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கேள்வியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது கொடுமை, என் வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்த ஒருவன் ஒவ்வொரு தடவையும் நடுங்கிப்போய் 22, 23 என்று வாங்கினான். அவனுக்குக் கொஞ்சம் எழுதிக் காட்டவும் நேரம் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் எழுத்துத் தேர்வில் யாரோ முகம் தெரியாதவர் என் தாளைத் திருத்துகிறார். இங்கே அந்தத் துறையிலேயே வாழ்கிற ஒருவர் முக்கால் மணி நேரம் என் எதிரே உட்கார்ந்து நான் எப்படி யோசிக்கிறேன் என்று கேட்கிறார். அந்த முக்கால் மணி நேரத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இங்கே வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், முதல் வாரத்திலேயே கூடப் பேசிப் படிக்க ஓர் ஆளைப் பிடித்துவிடுங்கள். இத்தாலிய மாணவராக இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இது கைவந்த கலை. உங்கள் தேர்வுக்கு முன்னால் வேறு யாருடைய தேர்வையாவது பின்னால் உட்கார்ந்து கேளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆனால் இப்படி யோசித்துப் பார்க்கலாம் என்று தொடருங்கள். நான் பார்த்தவரை அதற்கு யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை. எனக்கு இன்னும் ஒரு பாடமும் ஆய்வேடும் பாக்கி. ஆய்வேட்டையும் எல்லார் முன்னாலும் பேசித்தான் தாண்ட வேண்டும், அதற்கு இப்போதே சான் லூக்கா பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.