முதுகெலும்பு எக்ஸ்ரேக்குக் காசு இருந்தது

தொழிலாளர்களுக்கு வேலைக்கான உடல் தகுதி பார்க்கிற மெடிக்கல் நாள் என்றால் எங்கள் கிளினிக் வாசலில் நிற்பவர்களில் பலர் வெறும் வயிற்றோடு வந்திருப்பார்கள். அப்படி வாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. விரலில் குத்திப் பார்க்கும்போது சர்க்கரை குறைவாகக் காட்ட வேண்டும், அதற்காக முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி. இன்னும் சிலர் பிரஷர் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியை விட்டு எழும்போது தள்ளாடுவார்கள். கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்துவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களுக்காகவே அலமாரியில் இன்னொரு பலகை வைத்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தெற்குப் பக்கம், துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தொழில்நல செவிலியாகப் போய்வருகிறேன். பதினெட்டு வயதுப் பையனிலிருந்து ஓய்வு பெறப்போகிற பெரியவர் வரை எல்லாருக்கும் நான் ‘சிஸ்டர்’.

இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வருகிற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒருவர். தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காமல் இருக்க மாட்டார். இன்சுலின் போட ஆரம்பித்ததை வேலையில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மெடிக்கலில் என்னிடம் மாட்டிக்கொண்டார். “சிஸ்டர், பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான். எழுதிடாதீங்க” என்றார். “அண்ணா, நீங்க சர்க்கரையை மறைக்கிறது எனக்குப் பயமில்லை. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போற அன்னைக்கு என்ன பண்றீங்க, அதைச் சொல்லுங்க” என்று கேட்டேன். பதில் இல்லை. கப்பல் சரக்கு வந்து குவிகிற நாட்களில் அங்கே மதிய உணவு மூன்று மணிக்குப் போய்விடும். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கும், கை நடுங்கும், புத்தி மந்தமாகும். அந்த நிலையில் அவர் கையில் இருப்பது பல டன் எடையுள்ள வண்டி.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: மேலாளருக்கு நான் நோயின் பெயரை எழுதி அனுப்புவதில்லை. தகுதி, கட்டுப்பாடுகளுடன் தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை என்று இப்படி ஒரு வரிதான் போகும். அந்த அண்ணாவுக்கு எழுதியது: உணவு இடைவேளை தள்ளக் கூடாது, இரவு ஷிஃப்ட் வேண்டாம், குறிப்பிட்ட காலத்தில் மறுபரிசோதனை. அவர் இப்போதும் ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டுகிறார். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் ஒரு பாக்கெட் குளுக்கோஸும் சட்டைப் பையில் இருக்கும்.

மறைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இந்த ஊரில் உடல் பரிசோதனை என்பதற்கே ஒரு பழைய வாடை உண்டு. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் மதராஸிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கிற இந்தப் பகுதிக்கு, வந்த நம் ஆட்கள், கரும்புத் தோட்டத்துக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்கப்பட்ட பிறகுதான் கப்பல் ஏறினார்கள். ஆளைக் காப்பாற்றவா பார்த்தார்கள்? கழிக்கத்தான் பார்த்தார்கள். இன்றைக்குச் சட்டம் வேறு. 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 7-ஆம் பிரிவு, காரணமில்லாத மருத்துவப் பரிசோதனையைத் தடுக்கிறது. வேறொரு சட்டம் கேட்க வேண்டும், அல்லது அந்த வேலையின் தேவை போன்ற காரணங்களால் அது நியாயம் என்று காட்ட வேண்டும். எச்ஐவி பரிசோதனை என்றால் தொழிலாளர் நீதிமன்றத்தின் அனுமதியே வேண்டும். ஆனால் சட்டப் புத்தகம் மாறிய வேகத்தில் பயம் மாறுமா?

இந்த நாட்டுச் சுரங்கங்களைப் பாருங்கள். ஆழமான தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு வெப்பம் தாங்கும் சோதனை உண்டு. சூடும் ஈரமும் நிறைந்த அறையில், தாளத்துக்கு ஏற்றபடி அரை மணி நேரம் படி ஏறி இறங்க வேண்டும்; முடிவில் உடல் வெப்பம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். கீழே காத்திருக்கும் வேலையும் அந்த மாதிரிதான். எதை அளக்கிறோம், ஏன் அளக்கிறோம் என்பதில் குழப்பமே இல்லை.

அதற்கு நேர் எதிராக ஒன்று. கிடங்கு ஒன்றில் கன்டெய்னரிலிருந்து பெட்டிகளைக் கையால் இறக்குகிறார்கள். முதுகுவலி விடுப்பு கூடிக்கொண்டே போயிற்று. புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்து, ‘நல்ல முதுகு’ உள்ளவர்களை மட்டும் சேர்ப்போம் என்றது நிர்வாகம். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிற எத்தனையோ பேருக்கு வலி இல்லை, வலியால் துடிக்கிற பலருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். நாளைக்கு யாருக்கு முதுகு பிடிக்கும் என்று அந்தப் படம் சொல்லாது, கதிர்வீச்சுதான் மிச்சம். எவ்வளவோ சொன்னேன், கேட்டால்தானே!

சரி என்று டேப்பும் தராசும் எடுத்துக்கொண்டு கன்டெய்னருக்குள் போனேன். தொழில் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நையாஷ் (NIOSH) நிறுவனம் தந்த தூக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் தோதாக இருந்தால், அதாவது பெட்டி உடம்பை ஒட்டி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, திரும்பாமல், அவசரமில்லாமல் என்றால், 23 கிலோ வரை தூக்கலாம். பெட்டியைப் பிடித்த கைகள் கணுக்கால்களிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் அந்த வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு வந்துவிடும். திரும்பித் தூக்கினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் இறங்கும். அங்கே பெட்டி 25 கிலோ. மேல் வரிசையை எட்டிப் பிடித்து, உடம்பைத் திருப்பி, கீழே தரையில் கிடக்கிற பலகையில் வைக்கிறார்கள். எந்த முதுகு தாங்கும்?

‘முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை’ சுவரொட்டியும் அங்கே ஒட்டியிருந்தது. கோக்ரேன் குழு இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்திருக்கிறது: தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது மட்டும் முதுகுவலியைத் தடுப்பதில்லை. வேலைக்கு எடுக்கும் முன் செய்கிற பொது மருத்துவப் பரிசோதனைக்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. குறிப்பிட்ட வேலையை ஒட்டிச் செய்கிற சோதனைக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்ற அளவில் நிறுத்திவிட்டார்கள்.

அதனால் நான் கேட்டவை இரண்டு. முதலில், பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றித் தருகிற மேசை. அப்புறம், அந்த வேலையில் உண்மையில் தூக்க வேண்டிய எடையை வைத்து, லேசிலிருந்து படிப்படியாக ஏற்றிப் பார்க்கிற தூக்கும் சோதனை. நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்வோம்; ஆள் எங்கே தடுமாறுகிறார் என்பது கண்ணுக்கே தெரியும். தேறாதவரை வீட்டுக்கு அனுப்பாமல், பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பிவிட்டு மறுபடி பார்ப்பது என்பதும் ஒப்பந்தம். மேசைக்குப் பட்ஜெட் இல்லை என்றார்கள். எக்ஸ்ரேக்கு இருந்தது! கடைசியில் ஒரு மேசை வாங்கிப்போட்டார்கள், ஒன்றே ஒன்று. அந்த மேசை யாருக்கு என்று இப்போது சண்டை.

காது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் கரும்பாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். டிவி சத்தம் எங்கள் தெருவுக்கே கேட்கும். அவர் காலத்தில் அவர் காதை யாரும் சோதித்ததில்லை. இப்போது 85 டெசிபலைத் தொடுகிற இடத்தில் வேலை என்றால் செவித்திறன் சோதனை கட்டாயம். அடிப்படைச் சோதனைக்கு முன்னால் 16 மணி நேரம் இரைச்சலில் இருந்திருக்கக் கூடாது. இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு ஆட்களை என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். நான் திருப்பி அனுப்புகிறேன். திட்டு வாங்குவது பழகிவிட்டது.

நடைப் போட்டி, ஆரோக்கிய வாரம், இலவசத் தண்ணீர் பாட்டில் இதெல்லாம் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. டர்பன் இந்தியர்களிடையே சர்க்கரை நோய் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கான்டீனில் பன்னி சௌவும் (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது) கோலாவும் மட்டுமே விற்றுக்கொண்டு சுவரில் நீரிழிவு விழிப்புணர்வு எழுதி என்ன பயன்? ஒரு இடத்தில் சாப்பாட்டு நேரத்தை நிலையாக்கினார்கள், மாத்திரை வாங்க கிளினிக் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிப்பதை நிறுத்தினார்கள். போட்டிகளால் வராத மாற்றம் அதில் வந்தது: ஆட்கள் தாமாகவே வந்து சர்க்கரை பார்த்துக்கொள்கிறார்கள்.

சம்பளம் பிடிப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆள் சப்ளை செய்கிற ஏஜென்டுகளில் சிலர் மெடிக்கல் செலவைத் தொழிலாளியின் கூலியிலிருந்தே கழிக்கிறார்கள். பாதுகாப்புக்காக முதலாளி செய்தே ஆக வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்று 1993-இன் தொழில் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு, சொல்கிறது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படிப் பிடித்திருந்தால் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.